முள் இறங்கவில்லை

முள் இறங்கியிருந்தால் அவன் கவலைப்பட்டிருக்க மாட்டான். இறங்குவதுதான் அந்த முள்ளின் குணம். செப்புக் குழாய்க்குள் நைட்ரஜனை ஏற்றி, வால்வை மூடி, அழுத்தம் காட்டும் கேஜின் முள் எங்கே நிற்கிறதோ அந்த இடத்தில் கண்ணாடியின் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்க்க வேண்டும். கோட்டிலேயே நின்றால் வேலை சுத்தம். கோட்டுக்குக் கீழே வந்திருந்தால் எங்கேயோ கசிவு, சோப்பு நுரை தடவித் தேட வேண்டியதுதான். இத்தனை வருஷத் தொழிலில் இந்த இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒன்றை எந்த முள்ளும் அவனிடம் சொன்னதில்லை.

இன்று முள் கோட்டுக்கு மேலே நின்றது.

தங்கை வீட்டுப் படுக்கையறையை ஒட்டிய பால்கனியில், புது ஏசியின் அவுட்டோர் பெட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரிய ஏற்றம் ஒன்றும் இல்லை, ஒரு நெல் அகலம் இருக்கும். ஆனால் சிலிண்டரின் வால்வை அவன் எப்போதோ மூடிவிட்டான், ஹோஸைக்கூடக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டான். குழாய்க்குள் போனது போனதுதான், புதிதாக ஒரு துளிக் காற்று போக வழியே கிடையாது. மூடி வைத்த பானைக்குள் அரிசி தானாகவே கூடிவிட்டது என்று யாராவது சொன்னால் சிரிப்போமா இல்லையா? அப்படிப்பட்ட சமாச்சாரம் இது.

சிரிப்பு வரவில்லை. அவன் எழுந்துபோய் சிலிண்டரைப் பார்த்தான். அதன் தோளில் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்த பெயரை விரலை வைத்து, எழுத்துக்கூட்டும் பிள்ளை மாதிரி படித்தான். நைட்ரஜன். மறுபடியும் முதல் எழுத்திலிருந்து படித்தான். நைட்ரஜன்தான். காலையில் இறக்கும்போது படித்தான், மாட்டும்போது படித்தான், இது எத்தனையாவது தடவை என்று அவனுக்கே தெரியாது. போன கோடைக்குப் பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. பார்க்கிறவர்கள், மாப்பிள்ளை போன துக்கத்தில் மனுஷன் எவ்வளவு ஜாக்கிரதையாகிவிட்டான் என்று மெச்சிக்கொண்டார்கள். மெச்சுகிறவர்கள் மெச்சட்டும் என்று அவனும் விட்டுவிட்டான்.

சிலிண்டர் கடைக்காரருக்குப் போன் போட்டான்.

"என்னப்பா, கேஸ் தீந்துருச்சா?"

"இல்லண்ணே. டெஸ்ட்டுக்கு ஏத்தி வச்சேன். முள்ளு ஏறுது."

"இறங்குதுன்னு சொல்லு."

"ஏறுதுண்ணே."

"வெயில்ல பைப்பு கிடக்கும், சூட்டுல ஏறியிருக்கும். இதுகூடத் தெரியாமலா இத்தனை நாள் குப்பை கொட்டினே?"

"வெயில் எப்பவோ போயிருச்சுண்ணே. சிலிண்டர்... நைட்ரஜன்தானே குடுத்தீங்க?"

கடைக்காரரின் குரல் இறங்கி, இழவு வீட்டுக் குரலாகிவிட்டது. "நானே பேரப் படிச்சுத்தான்பா வண்டியில ஏத்தினேன். உன் மாப்ள விஷயத்துக்கு அப்புறம் படிக்காம யாருக்கும் குடுக்கறதில்ல. நல்ல மனுஷன், பாவம். அன்னைக்கு ஒரு தடவை அவர் திரும்பி சிலிண்டரப் பார்த்திருந்தா இப்ப உசுரோட இருந்திருப்பாரு."

"சரிண்ணே," என்று சொல்லி அவன் போனை வைத்தான்.

மாப்பிள்ளை என்றால் தங்கையின் கணவன். அதற்கு முன்னால் கூட்டாளி. இருவரும் ஒரே ஏணியில் மாறி மாறி ஏறி வேலை பார்த்தவர்கள், 'வாடா போடா' என்று ஒருவர் தலையில் ஒருவர் குட்டிக்கொண்டவர்கள். தங்கையைக் கட்டிக் கொடுத்த மறுநாள் இவன் ரொம்ப மரியாதையாக "வாங்க மாப்ள" என்று கூப்பிட, அவன் ஏணியிலிருந்து விழாத குறையாகச் சிரித்தான். அதன் பிறகு வேண்டுமென்றே ஒருவரையொருவர் "வாங்க மாப்ள", "சொல்லுங்க மச்சான்" என்று கேலியாக ஆரம்பித்து, கடைசியில் கேலி போய் மரியாதை மட்டும் நின்றுவிட்டது. மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு கள்ளத்தனம் உண்டு. சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று பெண்டாட்டியிடம் சத்தியம் செய்துவிட்டு, ஏறுகிற மொட்டை மாடியிலெல்லாம் ஊதிவிட்டு, வாயில் ஒரு கிராம்பைப் போட்டுக் கடித்துக்கொண்டு இறங்குவான்.

போன கோடையில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் வேலை. பாதி வேலையில் நைட்ரஜன் தீர்ந்துவிட்டது. கடைக்குப் போய்வந்தால் அன்றைக்கு முடியாது. குழாய் பற்ற வைக்கிற ஆக்ஸிஜன் சிலிண்டர் பக்கத்திலேயே நின்றது. ஆக்ஸிஜனும் கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும் என்று தொழிலில் இருக்கிற எவனைக் கேட்டாலும் சொல்வான். இவனும் கேட்டிருக்கிறான். கேட்டதெல்லாம் நடக்கவா செய்கிறது? காற்றுதானே, எந்தக் காற்றாக இருந்தால் என்ன என்று அதைத் தூக்கி மாட்டினான். மாட்டியது இவன். மேலே மொட்டை மாடியில், அவுட்டோர் பெட்டிக்குப் பக்கத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தது மாப்பிள்ளை. அங்கிருந்து குனிந்து ஒரு குரல் கொடுத்தான்: "மச்சான், நைட்ரஜன்தானே?"

இவன் சொன்னான்: "ஆமா, ஆமா."

வெடித்த சத்தம் கேட்டுப் படியேறி ஓடியபோது மாப்பிள்ளை மல்லாந்து கிடந்தான். முகத்தில் ஒரு கீறல் இல்லை. மூச்சு மட்டும் பெரிதாக ஏறி, நின்று, இறங்கிக்கொண்டிருந்தது. உதடு எதையோ சொல்ல முயன்றது. இவன் காதைக் கொண்டுபோய் வைத்தான். சொல் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. கருகிய எண்ணெய் நாற்றத்துக்கு நடுவில் கிராம்பு வாசனை. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

யார் மாட்டியது என்று கேட்டார்கள். "அவர்தான்," என்று இவன் சொன்னான். செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்லவா போகிறான்? அந்தத் தைரியத்தில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. எல்லோரும் நம்பினார்கள். எல்லோரையும்விட அதிகமாக நம்பியது தங்கைதான். அவள் அழுததைவிடக் கோபப்பட்டதுதான் அதிகம். கணவனின் போட்டோவை அலமாரியின் அடித்தட்டில், பழைய போர்வைகளுக்குக் கீழே குப்புறப் போட்டு வைத்தாள். "ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தா என்னவாம்? என்னை நினைச்சிருந்தா பார்த்திருப்பாரு," என்பாள். அதைச் சொல்லி முடித்ததும் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேன்ணா?" என்பாள். அந்தக் கையைத்தான் பிடிக்கிறாள், சிலிண்டரை மாட்டிய கையை. இவனுக்கு அவளைத் தவிர நாதியில்லை. பெற்றவர்கள் இல்லை, கல்யாணம் கூடிவரவில்லை, உலகத்தில் 'சாப்பிட்டியா' என்று கேட்க அவள் ஒருத்திதான். உண்மை தெரிந்தால் அவளும் இல்லை.

ஆகவே வாயைத் திறக்காமல் கையால் பரிகாரம் பண்ணினான். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் ஓடினான், ஃபேன் சுற்றவில்லை என்றால் ஓடினான். இரவெல்லாம் புழுக்கத்தில் தூக்கமில்லை, மூச்சு முட்டுகிறது என்று அவள் சொன்னபோது, கடையில் போய் நல்லதாக ஒரு ஏசியை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். "அந்தப் பெட்டி மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்," என்று முதலில் மறுத்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துச் சம்மதித்தாள். இன்று அவள் வேலைக்குப் போயிருக்கும்போது வந்து, ஒரு குறுக்குவழியும் இல்லாமல், புத்தகத்தில் போட்டிருப்பதுபோல ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தான். நைட்ரஜன் ஏற்றினான். கோடு போட்டான். டீ குடித்துவிட்டு வந்தான்.

மறுபடி பால்கனியில் உட்கார்ந்தான். தெருவில் பள்ளிக்கூட வேன்கள் போய் முடிந்து, பக்கத்து வீட்டுச் சுவரில் கடைசியாக ஒட்டியிருந்த வெயிலும் உரிந்துபோய், எங்கோ கீழ் வீட்டில் தாளிக்கிற சத்தமும் துணி துவைக்கிற சத்தமும் ஒன்றோடொன்று கலந்து மேலே வந்துகொண்டிருந்தன. அறைக்குள்ளிருந்து புது பிளாஸ்டிக்கின் வாடையும், சுவரைத் துளைத்த சிமெண்ட் தூசியின் வாடையும் வந்தன. எல்லாம் அவன் தினமும் முகர்கிற வாடைகள். முள் கோட்டுக்கு மேலேதான் நின்றது. அவன் பார்க்கப் பார்க்கவே மெல்ல இறங்கிக் கோட்டைத் தொட்டது. அப்பாடா என்று அவன் நினைத்து முடிக்கவில்லை, ஒரு கணம் நின்று, மறுபடி ஏறியது. மேலே போய் நின்றது. இறங்கியது. நின்றது. ஏறியது.

எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று தெரியவில்லை. முள்ளோடு சேர்ந்து தானும் மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருப்பதை, நெஞ்சு வலித்தபோதுதான் கவனித்தான்.

கேஜ் கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பெட்டிக்குள் இன்னொரு கேஜ் இருந்தது, அதை மாட்டிப் பார்த்தான். அதுவும் அப்படியே ஏறி இறங்கியது. சரி, நுரை பொய் சொல்லாது என்று சோப்பைத் தண்ணீரில் அடித்து, ஸ்பாஞ்சில் அள்ளி, வால்வோடு குழாய் சேருகிற நட்டின் மேல் கெட்டியாகத் தடவினான். கசிவு இருந்தால் நுரையில் குமிழி கிளம்பும், பெருகும், உடையும். அவ்வளவுதான் அதன் கதை.

குமிழி கிளம்பியது. ஒரு பட்டாணி அளவு வந்தது. நெல்லிக்காய் அளவு வந்தது. பால்கனிக் கம்பிகள் அதில் வளைந்து தெரிந்தன, அவன் முகம் தெரிந்தது. உடையப்போகிறது என்று அவன் காத்திருந்தபோது, குமிழி சுருங்கியது. நெல்லிக்காய் பட்டாணியாகி, பட்டாணி கடுகாகி, நட்டுக்குள்ளேயே போய்விட்டது. உள்ளே இருந்து யாரோ அதை உறிஞ்சிக்கொண்ட மாதிரி.

மறுபடி கிளம்பியது.

அவன் ஸ்பாஞ்சைக் கீழே போட்டான். உள்ளே அழுத்தம் இருக்கிற குழாய் வெளியே ஊதும், உள்ளே இழுக்காது. இழுக்கவே முடியாது. ஏறி, நின்று, இறங்குகிற இந்தக் கணக்கை அவன் இதற்கு முன் ஒரே ஒரு இடத்தில்தான் பார்த்திருக்கிறான். கேட்காமலே அவனுக்குக் கேட்டது, மேலேயிருந்து குனிந்து ஒரு கேள்வி. வாய் தானாகத் திறந்தது.

"ஆமா, ஆமா," என்றான்.

யாருமில்லாத பால்கனியில் தன் குரலையே கேட்டுத் திடுக்கிட்டான். ஆனால் முள் நின்றுவிட்டது. குமிழியும் பாதியில் நின்றது. கீழ் வீட்டில் துணி துவைக்கிற சத்தம் மட்டும் வந்தது. கவனமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற ஆள் மூச்சை அடக்கிக்கொள்வானே, அப்படி ஓர் அமைதி.

பிறகு முள் விருட்டென்று ஏறியது. சிவப்பைத் தாண்டி, கேஜின் கடைசிக் கம்பியில் போய் 'டிக்' என்று முட்டியது.

அவன் பாய்ந்து வால்வைத் திறந்தான். நைட்ரஜன் சீறிக்கொண்டு வெளியேறியது. சீறிக் குறைந்தது, குறைந்து நிற்கப்போய் மறுபடி சீறியது. விட்டு விட்டு வந்தது. நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. இதற்கு இருந்தது. கருகிய எண்ணெய். அதற்கு நடுவில் இனிப்பாக, காரமாக, கிராம்பு.

இந்த இடத்தில் அவன் எழுந்து போயிருக்கலாம். எல்லாவற்றையும் கழற்றி வண்டியில் போட்டுக்கொண்டு, மெஷின் சரியில்லை, வேறு மாற்றித் தருகிறேன் என்று தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொய் சொல்லிப் பழகாத ஆளும் இல்லை. ஆனால் பயந்த மனுஷனுக்குத் தெரிந்த வேலையைச் செய்வதில்தான் ஆறுதல். குழாயில் ஏதாவது இருந்தால் என்ன செய்வார்கள்? உறிஞ்சி எடுப்பார்கள். வேக்குவம் பம்ப் அதற்குத்தானே இருக்கிறது! குளிரவைக்கிற கேஸை விடுவதற்கு முன் குழாய்க்குள் இருக்கிற காற்று, ஈரம், தூசி எல்லாவற்றையும் உறிஞ்சி வெறுமையாக்குகிற மெஷின். பால்கனியில் பிளக் இல்லை. பம்பைப் படுக்கையறைக்குள், கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, ஹோஸை ஜன்னல் வழியாகக் கொண்டுபோய் மாட்டி, ஸ்விட்சைப் போட்டான்.

பம்ப் கடகடவென்று ஓடியது. சத்தம் அவனுக்குப் பிடித்திருந்தது. முள் இறங்கியது, பூஜ்யத்துக்கு வந்தது, அதற்கும் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. அவன் பம்பை நிறுத்தவில்லை, வழக்கத்தைவிட அதிகமாகவே ஓட விட்டான். இருட்டத் தொடங்கியது. கடைசியில் வால்வை மூடி, பம்பை அணைத்து, முள்ளையே பார்த்தான். அசையவில்லை. இமை கொட்டாமல் பார்த்தான். ஒரு மயிரிழைகூட அசையவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்! அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, பம்பை எடுத்து வைப்பதற்காக அறைக்குள் வந்தான்.

அறை முழுக்கக் கிராம்பு வாசனை.

அவன் வாசலிலேயே நின்றான். பம்பின் தலையிலிருந்து, வெளியேறுகிற துவாரத்திலிருந்து, மெல்லிய எண்ணெய்ப் புகை இன்னும் மேலே கிளம்பிக்கொண்டிருந்தது. குழாயிலிருந்து உறிஞ்சியதையெல்லாம் பம்ப் எங்கே விடும்? நிற்கிற இடத்தில்தான் விடும். இத்தனை நேரம் விட்டுக்கொண்டிருந்தது. குழாயைச் சுத்தம் செய்துவிட்டான். சுத்தம் செய்ததைத் தங்கையின் அறையில் கொட்டி வைத்திருக்கிறான்.

ஜன்னலையெல்லாம் திறந்தான். கதவைத் திறந்தான். ஃபேனைப் போட்டான். துண்டை எடுத்து வீசி வீசி விரட்டினான். தெருவின் புகையும் சாக்கடை நாற்றமும் உள்ளே வந்தன, கிராம்பு மட்டும் வெளியே போகவில்லை. ஃபேனை நிறுத்தியபோது திரைச்சீலை அறைக்குள் உப்பியது. நின்றது. ஜன்னல் கம்பியோடு ஒட்டியது. நின்றது. வெளியே மரத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை.

"மாப்ள," என்றான் மெதுவாக. "மாப்ள, வேணாம்."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

தங்கை கையில் பையோடு வந்து நின்றாள். நாள் முழுக்க வேலை பார்த்த களைப்பு முகத்தில் இருந்தது. ஆனால் சுவரில் வெள்ளை வெளேரென்று மாட்டியிருந்த ஏசியைப் பார்த்ததும், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, அவள் கண் மலர்ந்தது. "போட்டாச்சாண்ணா? வேணாம் வேணாம்னேன், பார்த்தா ஆசையாத்தான் இருக்கு."

"இன்னும் முடியல. நீ... இன்னைக்கு என் ரூமுக்கு வந்து படுத்துக்கோயேன்."

"ஏன்?"

ஏன் என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அவள் அவனை அடித்திருப்பாள், வீட்டை விட்டுத் துரத்தியிருப்பாள், செத்தால்கூட முகத்தில் முழிக்காதே என்றிருப்பாள். ஆனால் இந்த அறையில் அவள் படுத்திருக்க மாட்டாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். இந்த முகம் தன்னைப் பார்த்து இனிமேல் மலராது என்று நினைத்தான்.

"சும்மாதான் கேட்டேன்," என்றான். "தோ, அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடறேன்."

மாப்பிள்ளையைக் கொன்றபோதுகூட அவன் இவ்வளவு தெரிந்து செய்யவில்லை.

பால்கனிக்குப் போனான். புது மெஷினில் கேஸ் அவுட்டோர் பெட்டிக்குள்ளேயே அடைத்து வரும். ஆலன் கீயை வால்வுக்குள் விட்டுத் திருகினால் குழாய்க்குள் பாயும். கீ இரண்டு முறை வழுக்கியது. திருகினான். கேஸ் 'உஸ்' என்று ஓடியது. நட்டுகளில் நுரை தடவினான், ஒரு குமிழி இல்லை. முள் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. இத்தனை சுத்தமான வேலையை அவன் வாழ்நாளில் செய்ததில்லை.

உள்ளே வந்து பிளக்கைச் சொருகி ரிமோட்டை அழுத்தினான். பீப் என்றது. சுவரில் இருந்த இண்டோர் பெட்டியின் மடல் மெல்ல விரிந்தது. அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கிற காற்றைத்தான் இழுத்து, குளிரவைத்து, திருப்பி விடும். அறையில் இருக்கிற காற்றை. அதற்கு இதுவரை வாய் இல்லை. இவனே சுவரில் மாட்டிக் கொடுத்திருக்கிறான்.

"அப்பா, என்ன குளுகுளுன்னு இருக்கு!" தங்கை கட்டிலில் ஏசிக்கு நேராக உட்கார்ந்து, முகத்தை நிமிர்த்தி, கண்ணை மூடிக்கொண்டாள். கன்னத்து முடி பறந்தது. படிந்தது. பறந்தது.

"ரிமோட்டக் குடு. கொஞ்ச நேரம் ஓடினது போதும்," என்றான் அவன். ரிமோட் அவன் கையில்தான் இருந்தது.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. மூக்கு மட்டும் சுருங்கியது. "அண்ணா... கிராம்பு வாசனை வருதே."

அவன் அணைத்தான். அணைந்தது. ஏசியின் விளக்கு அணைந்தது, பீப் என்றது, மடல் மட்டும் மூடவில்லை. முடி பறந்தது. படிந்தது. அவன் சுவரோரம் ஓடிப் பிளக்கைப் பிடுங்கினான். வயர் கையோடு வந்தது. கையில் பிளக். மேலே மடல் விரிந்தது. ஹ்ஹா. மடிந்தது. விரிந்தது. ஹ்ஹா.

"எழுந்திரு. வெளிய வா. சொன்னாக் கேளு!" அவள் தோளைப் பிடித்து இழுத்தான். அவள் கல் மாதிரி இருந்தாள். தோள் பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது.

"உஷ்," என்றாள். "பேசிட்டிருக்காருல்ல."

கண் இப்போது திறந்திருந்தது. ஏசியின் இருட்டு வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மூச்சு வந்தது.

"ம்," என்றாள் அவள்.

இன்னொரு மூச்சு. நீளமாக.

"ம்."

இன்னொன்று.

"ம்... அப்புறம்?"

அவன் பின்னால் நகர்ந்தான். முதுகு அலமாரியில் இடித்தது. காதைப் பொத்திக்கொண்டான். அவனுக்கு எதுவும் கேட்கவில்லை, அன்று கேட்காதது மாதிரியே வெறும் காற்று. அவளுக்கு மட்டும் கேட்டது. ஒரு சொல் விடாமல் கேட்டது. அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. ஒரு வருஷமாக அதில் கெட்டியாக உட்கார்ந்திருந்த கோபம் கரைந்து கண்ணோரம் வழிந்தது.

"ம்... நீங்க கேட்டீங்களா?" என்றாள். குரல் உடைந்தது. "குனிஞ்சு கேட்டீங்களா... ம்... அதுக்கு அண்ணன் என்ன சொன்னாரு?"

மடல் விரிந்தது. ஒரு சின்ன மூச்சு. அடுத்து, அதே அளவில், இன்னொரு சின்ன மூச்சு.

தங்கை அண்ணன் பக்கம் மெதுவாகத் திரும்பினாள். கண்கள் அவன்மேல் நின்றன. உதடுகள் மட்டும், பின்னாலிருந்து வருகிற ஒவ்வொரு மூச்சுக்கும், "ம்... ம்..." என்று கொட்டிக்கொண்டே இருந்தன.